இடம் ஒன்று, உரிமை பல

ஒரு பொருளை உடைமையாகக் கொள்ளாமலேயே அதன் பயனைத் துய்க்க இயலுமா? இவ்வினா இல்லறத்தார்க்குப் புதியதன்று. உடைமை பெருகப் பெருகப் பற்றும் பெருகும். பற்றுப் பெருகுமிடத்து அச்சமும் சினமும் உடன் வந்து சேரும். ஆதலின் மிகுபொருள் விரும்பாமையை ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசாரியர்கள். இன்று வணிக உலகமும் இதே வினாவை எழுப்பி, இயலும் என்று தானே விடையும் கூறுகிறது. மலைவாழிடத்தில் வீடு வாங்க வேண்டா, அங்கு ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை மட்டும் வாங்கினால் போதும் என்கிறது. கேட்பதற்கு அளவறிந்து வாழ்வார்க்கு ஏற்ற அறிவுரை போலவே இருக்கிறது.

இவ்விடை மெய்யா என்பதனை ஏட்டளவில் ஆராய்ந்தால் போதாது. அவ்வுரிமை விற்கப்படும் இடத்தின் வாயில் வரை சென்று பார்த்தல் வேண்டும். அங்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்னும் மிகச் சிறிய செய்தியே இப்பெரிய வினாவுக்கு நல்லதோர் உரையாக அமைந்து விடுகிறது. அதனை நம் குடும்பத்தாருடன் சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாரத்தை விற்கும் வணிகம்

'டைம்ஷேர்' என்று வழங்கும் இம்முறையைக் காலப் பங்கீடு எனலாம். ஓர் ஆண்டில் 52 வாரங்கள் உள்ளன. விடுமுறைக்கென வீடு கட்டியவர் அதில் ஓரிரு வாரங்களே தங்குவார். எஞ்சிய நாள்களில் வீடு பூட்டிக் கிடக்கும். அவ்வொரு வீட்டை ஐம்பது குடும்பங்கள் வாரம் ஒருவராகப் பகிர்ந்து கொண்டால் செலவும் குறையும், இடமும் வீணாகாது. இவ்வெண்ணம் ஐரோப்பாவில் 1960-களில் உருப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் 1963-இல் தொடங்கிய ஹாப்பிமாக் என்னும் நிறுவனம், பங்கு வாங்கியவர்களுக்கு ஆண்டுதோறும் புள்ளிகள் வழங்கி, அப்புள்ளிகளைக் கொடுத்துப் பல ஊர்களில் தங்கும் முறையைக் கொண்டு வந்தது. 1974-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆர்.சி.ஐ. நிறுவனம், ஓர் ஊரில் ஒருவர்க்குள்ள வாரத்தை வேறோர் ஊரில் மற்றொருவர்க்குள்ள வாரத்துடன் மாற்றிக் கொள்ளும் வழியை வகுத்தது.

நம் நாட்டில் இவ்வணிகம் வேரூன்றிய நகரங்களுள் சென்னை முதன்மையானது. ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் 1986-இல் இங்குத் தொடங்கப்பெற்றது. கோடைக்கானலிலும் உதகையிலும் ஒரு வாரம் சொந்தம் என்னும் எண்ணத்தை நடுத்தரக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்தவற்றுள் அதுவும் ஒன்று. பத்தாண்டு கழித்து, 1996-இல், மகிந்திரா ஹாலிடேஸ் நிறுவனமும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. 25 ஆண்டு உறுப்பினர் உரிமை, கூட்டம் மிகுந்த காலத்திற்கு ஒரு நிறம், குறைந்த காலத்திற்கு வேறொரு நிறம் என்னும் பருவப் பகுப்பு ஆகியவை இவ்வணிகத்தின் வழக்கமான சொற்களாயின. பின்னர்ப் பல நிறுவனங்கள் வாரத்தையும் விடுத்துப் புள்ளிகளையே விற்கலாயின. மே மாதத்து மலைவாழிடத்திற்கு மிகுதியான புள்ளிகள், மழைக்காலத்துக் கடற்கரைக்குக் குறைவான புள்ளிகள் என விலை பகுக்கப்பட்டது.

இதில் குற்றம் ஏதும் இல்லை. பகிர்ந்து துய்த்தல் நல்லதே. ஆயினும், வாங்குவோர் கையில் வருவது வீடும் அன்று, வாரமும் அன்று. இடமிருந்தால் தரப்படும் என்னும் ஒரு வாக்கு மட்டுமே என்பதனை மனத்தில் இருத்திக் கொண்டு மேலே செல்வோம்.

சிங்கப்பெருமாள் கோவிலின் வாயிலில்

தாம்பரத்திலும் அதன் தென்புறத்து நகர்களிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் நன்கு அறிமுகமான ஊர். திண்டிவனத்திற்கும் மேல்சித்தாமூருக்கும் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் ஜி.எஸ்.டி. சாலை வழியே செல்லும்போதெல்லாம் இவ்வூரைக் கடந்தே செல்கிறோம். சிறு குன்றைக் குடைந்து அமைத்த பாடலாத்திரி நரசிம்மர் கோயிலால் பெயர் பெற்றது இவ்வூர். கருவறை குன்றோடு ஒன்றியிருத்தலால், அங்கு வழிபடுவோர் இறைவனை வலம்வர வேண்டுமாயின் குன்றையே வலம்வருவர்.

இன்று இவ்வூரைச் சூழ்ந்திருப்பது கார்களின் உலகம். வடக்கே மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் 2022 வரை கார்களைச் செய்தது. இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் பிரியும் சாலையில் உள்ள ஒரகடத்தில் 2010-இல் ரெனோ - நிசான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. கார்கள் பிறக்கும் இப்பகுதியில் காரை நிறுத்தத்தான் இடமில்லை. கடைவீதியின் இரு மருங்கிலும் வண்டிகள். சாலையோர மண்தரையிலும் வண்டிகள்.

இச்சூழலில், நகரின் இரைச்சலுக்கு ஒதுங்கிய விடுதிகள் பல இப்புறத்தே தோன்றியுள்ளன. அவற்றுள் ஒன்றின் வாயிலில் ஒரு ஞாயிறன்று நாம் கண்ட காட்சியை மட்டும் இங்குக் கூறுவோம். புள்ளிகள் பற்றிய விளக்கக் கூட்டத்திற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வருக, மதிய உணவும் பரிசும் உண்டு என்று தொலைபேசியில் அழைக்கப்பெற்ற குடும்பங்கள் காரில் வந்து நின்றன. வாயிற்காவலர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. உள்ளே தங்கியிருப்போர் வண்டிகளும் உறுப்பினர் வண்டிகளும் மட்டுமே செல்லலாம், கூட்டத்திற்கு வந்தோர் வெளியே நிறுத்திவிட்டு நடந்து வருக என்றார் அவர். வெளியே என்றால் எங்கே என்பதற்கு அவரிடம் விடையில்லை. கம்பிக்கதவின் இடைவெளியில் பார்த்தால், உள்ளே நிழலில் பத்துப் பன்னிரண்டு இடங்கள் வெறுமையாகவே இருந்தன.

ஒரு கார் திரும்பிச் சாலைக்குச் சென்றது. மற்றொன்று வாயிலை மறித்து நின்றது. பின்னால் வந்தவர் ஒலிப்பானை அழுத்தினார். மூட்டுவலியுள்ள மூதாட்டி ஒருவரை இறக்கிவிட்டு, அவரை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, மகன் இடம் தேடிப் போனார். உரத்த சொற்கள் எழுந்தன. அழைத்துவிட்டு அவமதிப்பதா என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லையென்று எவரும் கூற இயலாது.

வாயில் சொன்ன உண்மை

முதலில் அந்த நியாயத்தைக் கருதுவோம். விருந்தினரை அழைப்பவர் தம்மிடம் எத்தனை இலை போட இடமுண்டு என்பதனை எண்ணி அழைப்பதே வழக்கம். இருபது வண்டிகளுக்கு இடம் வைத்துக் கொண்டு அறுபது குடும்பங்களை அழைத்தல், அறிந்தே செய்யும் பிழையாகும். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், கட்டடத்தின் பயனுக்கும் பரப்புக்கும் ஏற்ப வண்டி நிறுத்த இடம் ஒதுக்குதல் வேண்டும் என்று விதிக்கின்றன. ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் கணக்கு. அவ்வளவும் கூட்டினால் பன்னிரண்டரைச் சதுர மீட்டர். ஒரு சிறு குடும்பத்தின் படுக்கையறைக்குச் சமம். அந்த இடத்தின் மதிப்பை விடுதியார் நன்கு அறிவர். அறிந்தும் அழைப்பில் அதனைக் கூறாது விடுதல் வாய்மைக்குப் பொருந்தாது.

ஆயினும் அன்று அந்த இடத்தில் மிக நேர்மையாகப் பேசியது அந்த வாயில்தான் என்று கூறத் தோன்றுகிறது. உள்ளே குளிரூட்டிய அறையில், எந்த ஊருக்கும் எந்த நாளும் செல்லலாம் என்பது போன்ற சொற்கள் காத்திருந்தன. வாயிலோ, இடம் அளவுடையது, உரிமை கேட்போர் அதனினும் பலர், ஆகவே ஒருவர் உள்ளே செல்ல மற்றொருவர் வெளியே நிற்க வேண்டும் என்னும் உண்மையை ஒளிவு மறைவின்றிக் காட்டியது. டைம்ஷேர் என்னும் வணிகத்தின் உள்ளீடும் இதுவேயாகும்.

எண்ணிப் பாருங்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை உடைய குடும்பங்கள் அனைத்தும் மே மாதத்தில்தான் மலைக்குச் செல்ல விரும்பும். பொங்கல், தீபாவளி விடுமுறைகளும் எல்லார்க்கும் ஒரே நாளில் வருகின்றன. ஒரே படுக்கையில் ஒரே இரவில் இரு குடும்பங்கள் துயில இயலாது. புள்ளிகள் காகிதத்தில் எத்தனை ஆயிரமாகவும் பெருகலாம். அறைகள் அவ்வாறு பெருகா. வாரமாக விற்றபோது ஓர் அறைக்கு 52 வாரமே என்னும் எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. புள்ளியாக மாறியபோது அவ்வெல்லை கண்ணுக்குப் புலப்படாமல் போயிற்று. ஆகவே, கார் நிறுத்த இடமில்லாது திரும்பியவர் தம் வருங்காலத்து மே மாதத்தையே அங்குக் கண்டார் எனலாம்.

உள்ளே வெறுமையாக இருந்த அந்தப் பன்னிரண்டு இடங்களையும் கருத வேண்டும். வெளியே நின்றவர்க்கு அவை கொடுமையாகத் தோன்றின. ஆனால் அவ்வெறுமை எவரோ ஓர் உறுப்பினர்க்கு அளித்த வாக்கின் காவலாகும். இன்று வெளியே நின்று, ஏன் அடைத்து வைத்தாய் என்று கேட்பவரே, நாளை புள்ளி வாங்கி உள்ளே வந்தபின், எனக்குரிய இடத்தில் வேறொருவரை ஏன் விட்டாய் என்று கேட்பார். மனிதர் ஒருவரே, கதவின் எப்பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அவரது நீதி மாறுகிறது. தாம் எப்பக்கம் நின்றாலும் மாறாத கருத்தையே அறம் என்று கொள்ளலாம்.

சினம் யாருக்கு உரியது?

இனி அந்தச் சினத்தையே சற்று ஆராய்வோம். காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டபோது அந்தப் பன்னிரண்டரைச் சதுர மீட்டர் நிலம் அவ்வன்பர்க்கு உரியதன்று. அப்படியோர் இடம் உலகில் உண்டென்பதும் அவர் அறியார். வாயிலில் பத்து நிமிடம் நின்றவுடன் அது அவருக்குச் சேர வேண்டிய இடமாகிவிட்டது. பட்டா இல்லை, பணம் கொடுக்கவில்லை, ஒப்பமும் இடவில்லை. உள்ளத்தில் மட்டும் உடைமை பிறந்துவிட்டது. உடைமை என்பது கைப்பொருளில் இல்லை, அப்பொருளின்பால் மயங்கி நிற்கும் உள்ளத்தில் உள்ளது என்று நம் நூல்கள் கூறுவதன் பொருள் இத்தகைய இடங்களில்தான் தெளிவாகிறது. விற்பனையாளர் வெளியே நிற்பவர்க்கு இன்னும் ஒன்றும் விற்கவில்லை. ஆயினும் பற்று முன்னரே விற்பனையாகி விட்டது.

அச்சினம் யார் மேல் விழுந்தது? இருபது வண்டிக்கு அறுபது பேரை அழைத்தவர் அங்கில்லை. அழைப்பு விடுத்த தொலைபேசிக் குரலும் அங்கில்லை. கதவருகே நின்றவர் நாள் முழுதும் வெயிலில் நிற்கும் ஒப்பந்த ஊழியர். பட்டியலை அவர் எழுதவில்லை. நிலத்தை அவர் அளக்கவில்லை. வண்டியை உள்ளே விட்டால் மேலாளரிடம் ஏச்சு, விடாவிட்டால் வந்தவரிடம் ஏச்சு என்பதே அவர் நிலை. செய்தவரை விடுத்து எட்டிய கைக்கு அகப்பட்டவரை வருத்துதல், நியாயமான குறையையும் நியாயமற்ற செயலாக மாற்றிவிடும். கொல்லாமை என்னும் பேரறம் உணவோடு முடிவதில்லை. பகலுணவில் ஒரு சிறு உயிரும் விழாதபடி காக்கும் நாம், வாயிற்காவலர் நெஞ்சில் சுடுசொல் விழாதபடி காத்தலும் அவ்வறத்தின் பகுதியே.

குறை கூற வேண்டா என்பது இதன் பொருளன்று. உள்ளே சென்று, அழைத்தவரிடமே, அமைதியாக, எழுத்தில் கூறுதல் வேண்டும். கார் நிறுத்தவே இடம் எண்ணாதவர், மே மாதத்து அறைகளை எவ்வாறு எண்ணுவார் என்று வினவுதல் வேண்டும். அதுவே வாங்குவோர்க்கும் பயன்தரும் சினம்.

கதவுக்கு வெளியே உள்ள மூன்றாமவர்

விடுதியார்க்கும் விருந்தினர்க்கும் இடையே நிகழும் இவ்வழக்கில் மூன்றாமவர் ஒருவரும் உளர். அவர் ஊரார். உள்ளே இடம் மறுக்கப்பட்ட கார்கள் காற்றில் கரைவதில்லை. அவை சாலையோரத்தில், தேநீர்க் கடையின் முகப்பில், பேருந்துக்குக் காத்திருப்போர் நிற்கும் மண்ணில், கோயிலுக்குச் செல்லும் தெருவில் நிற்கின்றன. மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி வண்டிகளைச் சுற்றி நெடுஞ்சாலையின் நடுப்பகுதிக்கு வர நேர்கிறது. அவர் புள்ளியும் வாங்கவில்லை, மதிய உணவும் உண்ணவில்லை. இடர் மட்டும் அவருக்கு.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், கார் நிறுத்துமிடம் பற்றி 2005-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். இலவச நிறுத்துமிடம் என்று ஒன்றில்லை, ஓட்டுநர் கொடுக்காத விலையை வேறு யாரோ கொடுக்கின்றனர் என்பது அவர் நிலைநாட்டிய கருத்து. கார் தன் காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஓரிடத்தில் நின்றே கழிக்கிறது என்பதும் அவர் எடுத்துக் காட்டியது. இங்கு ஒரு வியப்பான முரண் உள்ளது. ஆண்டில் ஒரு வாரம் பயன்படும் வீட்டைத் தனியே வைத்திருப்பது வீண் என்று காலப் பங்கீடு நமக்குக் கற்பிக்கிறது. அப்பாடத்தைக் கேட்பதற்கு, நூற்றில் ஐந்து பங்கு நேரமே பயன்படும் காரில், குடும்பத்திற்கு ஒன்றாக நாம் செல்கிறோம். பகிர்தலில் உண்மையான விருப்பம் இருக்குமாயின் அது சிங்கப்பெருமாள் கோவில் இரயில் நிலையத்திலேயே தொடங்கியிருக்கலாம். கடற்கரை - செங்கல்பட்டு மின்தொடர் வண்டி அங்கு நிற்கிறது.

உடைமையின்றிப் பயன் துய்த்த காலம் நம்மிடையே இருந்ததையும் இவ்விடத்தில் நினைவு கூரலாம். வழிப்போக்கர்க்குச் சத்திரம், களைத்தவர்க்குத் திண்ணை, தாகம் தீர்க்கத் தண்ணீர்ப் பந்தல், சுமை இறக்கச் சுமைதாங்கிக் கல். இன்றும் பொன்னூர் மலைக்கோ மேல்சித்தாமூருக்கோ விழாவுக்குச் செல்வோர் கூடத்தில் பாய் விரித்து, வந்தவர்க்கு நகர்ந்து இடங்கொடுத்துப் படுத்துக் கொள்கின்றனர். அங்கு எவர்க்கும் புள்ளி இல்லை. ஆதலால் எவர்க்கும் என் இடம் என்னும் பேச்சும் குறைவு. வசதி குறைவுதான், நகர்ந்து படுக்கும் மனம் இருந்தமையால் அது பெரிதாகத் தோன்றவில்லை. சத்திரத்தில் இடம் பெறத் தேவையே தகுதியாக இருந்தது. விடுதியில் ஒப்பந்தம் தகுதியாகிறது. பின்னதைக் குறைகூற வேண்டுவதில்லை. முன்னதன் பெயரைப் பின்னதற்குச் சூட்டுவதை மட்டும் ஏற்க இயலாது.

கணக்கும் அளவும்

துய்ப்பை இரண்டாகப் பகுத்தனர் நம் முன்னோர். உணவு, மலர், சந்தனம் போல ஒருமுறை துய்த்தவுடன் தீர்வது போகம். ஆடை, அணி, படுக்கை, வீடு, ஊர்தி போல மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். இவ்விரண்டிற்கும் தாமே எல்லை வகுத்துக் கொள்ளுதல் இல்லறத்தார் நோன்புகளுள் ஒன்று. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக நூலில் அவ்வெல்லையை இருவகையாக்கினார்: வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது ஒன்று, ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம் எனக் கால அளவு குறித்துக் கொள்வது மற்றொன்று.

காலத்தைக் கூறுபோடும் கலை, ஆகவே, நமக்குப் பழையதே. நம் நோன்பு, துய்ப்பைக் குறைக்கும் பொருட்டுக் காலத்தைக் கூறுபோட்டது. புள்ளி வணிகம், துய்ப்பை உறுதி செய்யும் பொருட்டுக் காலத்தைக் கூறுபோடுகிறது. ஒரே அளவுகோலை இருவர் இருவேறு பணிக்குப் பயன்படுத்துவது போன்றது இது. இருபத்தைந்து ஆண்டுக்குத் துய்ப்பை முன்கூட்டியே வாங்கிவிட்டவர், இவ்வாண்டு எங்கும் செல்லாது வீட்டில் இருப்போம் என்று கருதினாலும் பணம் வீணாகிறதே என்னும் எண்ணம் அவரை விடுவதில்லை. விருப்பம் இல்லாதபோதும் துய்க்க வேண்டிய கடமை வந்து சேர்கிறது. மகிழ்வுக்கென வாங்கிய உரிமை கட்டாயமாக மாறுவது இவ்வாறே.

எண் கணக்கும் இதனையே கூறும். எடுத்துக்காட்டாக ஒரு குடும்பம் 4,00,000 ரூபாய் கொடுத்து 25 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 7 இரவு உரிமை பெறுவதாகக் கொள்வோம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும், அது என்றும் உயராது என்றும் வைத்துக் கொள்வோம். மொத்தச் செலவு 9,00,000 ரூபாய், 175 இரவுகள், ஓர் இரவுக்கு ஏறத்தாழ 5,140 ரூபாய். மகப்பேறு, தேர்வு, நோய், முதுமை ஆகியவற்றால் பத்து ஆண்டுகள் செல்ல இயலவில்லையெனில் இரவுகள் 105 ஆகக் குறையும். ஓர் இரவின் விலை ஏறத்தாழ 8,570 ஆகும். வட்டியும் உணவும் பயணமும் இதில் சேரவில்லை. எவரும் தத்தம் ஒப்பந்தத்தில் உள்ள எண்களை இட்டு இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஆண்டுதோறும் தவறாது ஒரே குடும்பமாகச் சென்று வருவோர்க்கு இது இலாபமாகவும் அமையலாம். அத்தகையோர் வாங்குவதில் தடை ஏதும் இல்லை. தாம் அத்தகையோரா என்பதனை வாயிலுக்குள் நுழையுமுன் அறிந்திருத்தலே வேண்டுவது.

ஒரு நாள் பொறுத்தல்

விற்பனைக் கூட்டங்களில் பெரிதும் கேட்கப்படும் சொல் 'இன்றே' என்பது. இன்று ஒப்பமிட்டால் இவ்விலை, நாளை இல்லை என்பர். இச்சொல்லின் ஆற்றலை ஐரோப்பிய நாடுகள் சட்டத்தாலேயே கட்டுப்படுத்தின. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த நெறிமுறை, டைம்ஷேர் வாங்கியவர் ஒப்பமிட்டபின் 10 நாள்களுக்குள் காரணம் கூறாமலே விலகலாம் என்றது. 2008-இன் நெறிமுறை அதனை 14 நாள்களாக உயர்த்தியது. அந்நாள்களில் முன்பணம் பெறுவதும் கூடாதென்று விலக்கப்பட்டது. விற்கும் இடத்தில் இருக்கும் மனம் வேறு, வீட்டுக்கு வந்தபின் உள்ள மனம் வேறு என்பதனைச் சட்டமே ஏற்றுக் கொண்டது என்று இதற்குப் பொருள்.

நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை நேர்மையற்ற ஒப்பந்தங்கள் எனக் கொண்டு, மாநில ஆணையத்தில் முறையிட வழி செய்துள்ளது. முறையிடுவோர்க்கு உதவ 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. இணையவழி வணிகத்தில் மனத்தை மயக்கும் உத்திகள் பற்றி 2023 நவம்பரில் வெளியான மைய அரசின் நெறிமுறைகள் பதின்மூன்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றுள் முதலில் நிற்பது போலி அவசரம். திரையில் செய்யும்போது குற்றமாகும் ஒன்று, நேரில் தேநீர் கொடுத்துச் செய்யும்போது அறமாகிவிடாது.

சட்டத்தின் துணை வரும் வரை காத்திராமல் நாமே நமக்கு இட்டுக் கொள்ளத்தக்க சில எல்லைகள் உள்ளன. அழைப்பு வந்தவுடன், இவ்வாண்டு விடுமுறைக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதனைக் குடும்பத்தார் கூடி ஓர் எண்ணாக எழுதி வைத்தல் நன்று. அன்றே ஒப்பமிடுவதில்லை, முன்பணம் தருவதில்லை என்று உறுதி கொள்ளுதல் வேண்டும். சென்ற மே மாதத்தில் அறை கேட்டோர் எத்தனை பேர், பெற்றோர் எத்தனை பேர் என்றும், ஆண்டுக் கட்டணம் எந்த முறையில் உயரும் என்றும், விலக விரும்பினால் எவ்வளவு திரும்பும் என்றும் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். வண்டியை எங்கே நிறுத்துவது என்பதனை முன்கூட்டியே தொலைபேசியில் வினவுதலும் இவற்றுடன் சேரும். அவ்வெளிய வினாவுக்குத் தெளிவான விடை தர இயலாதவர், அரிய வினாக்களுக்குத் தரும் விடைகளை எவ்வளவு நம்பலாம் என்பது அப்போதே தெரிந்துவிடும். இடமில்லையென்று அறிந்தால் இரயிலில் செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். உடைமையின்றிப் பயன் துய்த்தல் இயலும். ஆனால் அதனை விலைகொடுத்து வாங்க இயலாது. விலை கொடுத்தவுடன் உரிமை பிறக்கிறது. உரிமை பிறந்தவுடன் அதுவும் ஓர் உடைமையாகிறது. சில வேளைகளில், நாம் கண்டது போல, விலை கொடுப்பதற்கு முன்னரே பிறந்து விடுகிறது. வீடாயினும் வாரமாயினும் புள்ளியாயினும் காருக்குரிய பன்னிரண்டரைச் சதுர மீட்டராயினும், அதற்கு எல்லை வகுப்பவர் நாமாக இருத்தல் வேண்டும். நாம் வகுக்காவிடில் பிறர் வகுப்பர். அவர் வகுத்த எல்லையில் நின்று நாம் சினங்கொள்வோம். தன் அளவைத் தான் அறிந்து சென்றவர்க்கு, திறந்த கதவும் மூடிய கதவும் ஏறத்தாழ ஒன்றே.